பரணை ஒழிக்கும் வயது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பணி நிறைவு நெருங்கும் வேளையில் வீட்டையும் வாழ்க்கையையும் எப்படிச் சுருக்கிக்கொள்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. விரைவில் 60 வயது நிறைகிறது. மறுநியமனமும் முடிந்து, கல்வியாண்டின் இறுதியில் பணியிலிருந்து விடுபடுவேன். மாமனார் காலத்து வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போவதாக நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மகன் பெங்களூரிலும் மகள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பரண் முழுவதும் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள். இவை தவிரக் கொலு பொம்மைப் பெட்டிகளும், மாமியாரின் பட்டுப் புடவைகளும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் கண் கலங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– கும்பகோணம் வாசகி

பதில்: கண் கலங்காத இடத்திலிருந்து தொடங்குங்கள், அம்மா. மூடி தொலைந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், பழுதான மிக்சி, காலாவதியான மருந்துகள், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிகள் ஆகியவற்றைப் பிரிப்பதற்கு மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பணியில் இருக்கும்போதே வாரம் ஓர் அலமாரி என்று இவற்றை முடித்துவிட்டால், விடுதலைக்குப் பிறகு வரும் முதல் மாதங்களைக் கடினமான பொருள்களுக்கு ஒதுக்க முடியும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே புகைப்பட ஆல்பத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்து, மாலை வரை அங்கேயே இருந்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று எழுந்துவிடுகிறார்கள்.

அடுத்து, திருச்சி வீட்டுக்கு ஓர் அளவு நாடாவுடன் போய்வாருங்கள். சமையலறை அலமாரியின் ஆழம், பரணின் நீளம், பூஜை மாடத்தின் உயரம், பீரோ நிற்கப்போகும் சுவரின் அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எதை விடுவது' என்ற கேள்விக்கு முடிவே இல்லை. 'இந்த இடத்தில் எதை வைப்பது' என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். புதிய வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டிய உயரத்தில் எதையுமே வைக்காமலிருந்தால் இன்னும் நல்லது. எழுபது வயதில் பரணிலிருந்து அண்டாவை இறக்குபவர் கீழே விழுந்தால், உடைந்த இடுப்பு பழையபடி கூடுவது எளிதல்ல.

பாத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் அதிகம் இழப்பது இங்கேதான். முதலில் பித்தளையையும் வெண்கலத்தையும் செம்பையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். வெண்கலத்தில் வெள்ளீயம் சேர்வதால் அதன் விலை பித்தளையைவிட அதிகம். மூன்றையும் ஒன்றாகக் குவித்துக் கொடுத்தால் மொத்தமும் பித்தளை விலைக்கே எடை போடப்படும். உங்கள் ஊரில் பாத்திரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே கடையில் கேட்டு முடித்துவிடாமல் இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். சமைத்த பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் செம்மஞ்சளாகத் தெரிந்தால் ஈயப் பூச்சு போய்விட்டது என்று பொருள். அதில் புளியோ மோரோ சேர்ந்த பண்டத்தை வைக்கக் கூடாது. ஈயம் பூசத் தெரிந்தவர்கள் அருகிவிட்டதால், தொடர்ந்து புழங்கப்போகும் ஒன்றிரண்டுக்கு மட்டும் கும்பகோணத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பூசி வாங்கிக்கொள்ளுங்கள். இருவர் சமையலுக்கு ஒரு வெண்கலப் பானை, ஓர் உருளி, ஒரு சிறிய தவலை போதும்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். சீர்வரிசையாக வந்த பாத்திரம் என்றால், உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தப்பட்ட பெயரோ தலைப்பெழுத்தோ, சிலவற்றில் ஆண்டும் இருக்கும். ஒரு குடும்பத்தின் பெண்களுடைய பெயர்கள் எழுத்தில் நிலைத்திருப்பது பல வீடுகளில் இந்த விளிம்புகளில்தான். பத்திரங்களில் பாட்டனார் பெயர் இருக்கும். பாட்டியின் பெயரைத் தேடினால் தவலையில்தான் கிடைக்கும். ஆகவே பெயர் வெட்டிய பாத்திரங்களைப் படமெடுத்து, அது யார், யாருக்கு எப்போது வந்த சீர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதன் பிறகு பாத்திரத்தைப் பிரிவது அவ்வளவு கடினமாக இருக்காது என்று நம்புகிறேன். அந்தப் பெயருக்கு உரிய கிளையில் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ இருந்தால், பழைய விலைக்குப் போட வேண்டாம், அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கொலு பொம்மைகளில் தொகுதியைப் பிரிக்காதீர்கள். தசாவதாரம் என்றால் பத்தும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும். காகிதக் கூழ் பொம்மைகள் எடை குறைந்தவை, பயணத்தைத் தாங்கும். பழைய மண் பொம்மைகளை உள்ளூரில் கொலு வைக்கும் இளம் குடும்பத்துக்கோ உங்கள் பள்ளிக்கோ கொடுத்துவிடுவதே அவற்றுக்குப் பாதுகாப்பு. மரப்பாச்சியை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுப் புடவைகளில் மடிப்புக் கோட்டில் சரிகை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை மடிப்பு மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையைத் தொடக் கூடாது. துணி நைந்துபோய்ச் சரிகை மட்டும் உறுதியாக இருந்தால், வெள்ளிச் சரிகையை எடைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வாசல் வழியாகக் கூவி வருபவரிடம் கொடுக்காமல், கண் முன்னே சோதித்துக் காட்டும் கடையில் கொடுங்கள்.

பிள்ளைகள் பிறகு பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாமே என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. அவர்கள் நான்கு நாள் விடுப்பில் வருவார்கள், எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது, மூன்றாம் நாள் பழைய சாமான் கடைக்காரரை அழைத்துவிடுவார்கள். அது அவர்களின் தவறாகாது. தெரிந்தவர் நீங்கள், முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: நான் ஒவ்வொன்றாக ஒழிக்க, கணவர் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வந்து வைக்கிறார். ஓடாத ரேடியோ, துருப்பிடித்த ஸ்பேனர்கள், பழைய நாள்காட்டிகள் எல்லாம் அவருக்கு வேண்டும். அடுத்த ஆண்டு ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். பேசினால் சண்டை வருகிறது.
– மதுரை வாசகி

பதில்: முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆலையில் எதையாவது பழுதுபார்த்துக்கொண்டே இருந்தவர், அந்த வேலை தம் கையை விட்டுப் போகப்போகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். அந்த ஸ்பேனர்களை நீங்கள் தூக்கிப்போட்டால், அவரையே தூக்கிப்போட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். எனவே அவருடைய பொருள்களில் நீங்கள் கை வைக்காதீர்கள். அவர் இல்லாத நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவது மிகவும் தவறு. அப்படி ஒருமுறை நடந்துவிட்டால், பிறகு உண்மையான குப்பையைக்கூட அவர் விடமாட்டார். வீட்டில் ஒரு சுவரையோ மாடிப்படிக்குக் கீழுள்ள இடத்தையோ அவருக்கென்று முழுமையாக விட்டுக்கொடுத்து, அதற்குள் எதை வைப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். கூடம், படுக்கையறை, நடைவழி மூன்றும் காலியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். ரேடியோவைச் சரிசெய்ய ஓய்வு பெற்ற பின் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். அதற்குள் அது பாடினாலும் பாடும்.

கேள்வி: என் தாயார் ஓய்வு பெறப்போகிறார். வீட்டை ஒழிக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் சிறிய சென்னை வீட்டுக்கு அனுப்புகிறார். வேண்டாம் என்றால் மனம் புண்படுகிறார்.
– சென்னை வாசகி

பதில்: அனுப்புவதற்கு முன் படம் அனுப்பச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றிரண்டை நீங்களாகவே, உண்மையான விருப்பத்துடன், 'அம்மா, அந்த அஞ்சறைப் பெட்டி எனக்கு வேண்டும்' என்று கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கியவர் மற்றவற்றை மறுக்கும்போது அது புறக்கணிப்பாகத் தோன்றாது. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பாரத்தை மகள் வீட்டுப் பரணுக்கு மாற்றுவது வீட்டை ஒழிப்பதாகாது. கேட்காத பொருளை அனுப்பாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெறும் நிலையில் இருக்கிறேன். மூன்று அறைகளில் நூல்கள் நிறைந்திருக்கின்றன. பழைய இதழ்களும், தந்தையார் விட்டுச் சென்ற சில ஓலைச்சுவடிகளும் உண்டு. நூலகத்துக்குக் கொடுத்தேன், இடமில்லை என்கிறார்கள். எடைக்குப் போட மனம் வரவில்லை.
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: நூலகங்கள் மறுப்பதற்குக் காரணம் உண்டு. நாம் பெருமையாக நினைக்கும் பதிப்புகளில் பெரும்பாலானவை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதவை நாம் குப்பை என்று ஒதுக்குபவைதான். ஐந்தாறு இதழ்களுடன் நின்றுபோன சிற்றிதழ், நாடகத் துண்டுப்பிரசுரம், பாட்டுப் புத்தகம், உள்ளூர் அச்சகத்தில் அச்சான கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை, பழைய பாடநூல் போன்றவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் இத்தகையவற்றையும் தேடிச் சேர்த்ததால்தான், அவர் மறைவுக்குப் பின் அந்தச் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக முடிந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர் எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி எல்லோருக்கும் படிக்கத் தருகிறது.

இவர்களில் யாரை அணுகினாலும் வெறுங்கையுடன் அணுகாதீர்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பதிப்பு எண் என்று ஒரு பட்டியல் தயாரித்து முதலில் அதை அனுப்புங்கள். 'மூவாயிரம் நூல்கள் உள்ளன, வந்து எடுத்துப்போங்கள்' என்றால் யாரும் வரமாட்டார்கள். பட்டியலில் தங்களிடம் இல்லாத முப்பது நூல்களைக் கண்டால் வருவார்கள். உங்கள் மாணவர்களில் இருவர் உதவினால், பட்டியலிடும் வேலையே அவர்களுக்கு நூலியல் பயிற்சியாக அமையும். உங்கள் கைக்குறிப்புகள் நிறைந்த பாடநூல்களை அந்த மாணவர்களுக்கே கொடுங்கள்.

ஓலைச்சுவடிகளை நீங்களே எண்ணெய் தடவியோ கயிற்றை அவிழ்த்தோ சீர்செய்ய முயல வேண்டாம். நொறுங்கும் நிலையில் உள்ள ஏடுகள் கட்டை அவிழ்க்கும்போதே உடைந்துவிடும். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் அப்படியே வைத்து, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கோ சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ எழுதுங்கள். கொடுக்க விருப்பமில்லையென்றாலும் படியெடுக்க மட்டுமாவது வழி கேளுங்கள்.

மீதமுள்ள நாவல்களும் பொது நூல்களும் ஊர்ப்புற நூலகம், அரசுப் பள்ளி, முதியோர் இல்லம் என்று போகலாம். சிறைவாசிகளுக்காகச் சிறைத்துறை சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு அமைத்தே நூல்களைத் திரட்டியதுண்டு. உங்கள் ஊரிலேயே மத்தியச் சிறை இருப்பதால் அங்கு விசாரித்துப் பாருங்கள். கரையான் ஏறியவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு பெட்டி போதும், அவர்களின் நூலகத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: பொருள்களைவிட எனக்குக் காகிதங்கள்தான் மலைப்பாக இருக்கின்றன. இரண்டு பீரோ நிறைய இருக்கிறது. எதைக் கிழிப்பது, எதை வைத்திருப்பது?
– சேலம் வாசகர்

பதில்: கிழிப்பதைப் பிறகு பார்ப்போம், ஏனெனில் தவறிப்போய்க் கிழித்த மூலப்பத்திரத்தை மீண்டும் பெறுவது பெரும் அலைச்சல். வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டியவற்றை முதலில் ஒரே கோப்பில் சேருங்கள். வீட்டின் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப்பத்திரங்களும், பட்டா, அண்மைய வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், அடைத்து முடித்த வீட்டுக்கடனுக்கான நிலுவையின்மைச் சான்று, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், பணிப் பதிவேட்டின் நகல், ஓய்வூதிய ஆணை ஆகியவை இதில் அடங்கும். வருமான வரிக் காகிதங்களை ஏழெட்டு ஆண்டுகளுக்கு வைத்திருந்தால் போதும். சொத்து வாங்கிய, விற்ற ஆண்டுகளின் கோப்பை மட்டும் எப்போதும் வைத்திருங்கள். பழைய மின்கட்டண ரசீது, உத்தரவாதக் காலம் முடிந்த பொருளின் அட்டை, மூடிய கணக்கின் காசோலைப் புத்தகம் எல்லாம் போகலாம். கணக்கு எண் தெரியும் காகிதங்களைத் துண்டு துண்டாகக் கிழித்து நீரில் ஊறவைத்துப் போடுங்கள்.

இந்த வேலையைப் பணியில் இருக்கும்போதே செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், பத்திரத்தில் வேறொன்று, வங்கியில் தலைப்பெழுத்து விரிந்தும் ஓய்வூதியப் படிவத்தில் சுருங்கியும் இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். துணைவியாரின் பெயரில் இத்தகைய வேறுபாடு இருந்தால், குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவர் தனியாக அலைய வேண்டிய நாளில்தான் அது வெளிப்படும். அதை நீங்கள் இருவரும் சேர்ந்தே இப்போது திருத்துங்கள்.

மறந்துபோன பணமும் இந்தக் குவியலில் கிடைக்கக்கூடும். இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத வங்கிக் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றப்படும். அப்படி மாறினாலும் உரியவர் தம் வங்கி மூலம் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட, ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளம் உதவும். காகிதப் பங்குச் சான்றிதழ்கள் இருந்தால் உடனே கவனியுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அவற்றைக் காகித வடிவிலேயே விற்றுப் பெயர் மாற்ற முடியாது, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாவிட்டால் பங்குகளே முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். அதை மீட்கலாம், ஆனால் நீண்ட காலம் பிடிக்கும்.

வங்கிக் கணக்குகளை இரண்டாகச் சுருக்குங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, இரண்டுமே துணைவியார் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரராக (நாமினி) நியமிக்கலாம். ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. யாருக்கு எது என்பதை உயில்தான் சொல்ல வேண்டும். உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட்டதை அறிந்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன்பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றே சொல்வேன். பூர்வீகச் சொத்து இருந்தால் எழுதும் முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்வாரியத்திலிருந்து அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். வீட்டில் சாமான் அதிகமில்லை. ஆனால் மூன்று சீட்டு கட்டுகிறேன், உறவினர் இருவரின் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன், கோயில் கமிட்டியில் பொருளாளர். எல்லாவற்றுக்கும் மேல் மொய் நோட்டில் திருப்பிச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. சம்பளம் நின்ற பிறகு எப்படிச் சமாளிப்பது?
– பேராவூரணி வாசகர்

பதில்: வந்த கடிதங்களில் முக்கியமானது இதுதான் என்பது என் எண்ணம். கண்ணுக்குத் தெரியும் சாமானைவிட இத்தகைய பொறுப்புகள்தான் ஓய்வுக் காலத்தை நெருக்குகின்றன.

ஜாமீனை முதலில் கவனியுங்கள். சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. 'நான் கையெழுத்துதான் போட்டேன்' என்ற பேச்சு எடுபடாது. ஓய்வு பெறும்போது உங்கள் கைக்கு மொத்தத் தொகை வரப்போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கடன்களிலும் நிலுவை எவ்வளவு, தவணை ஒழுங்காகப் போகிறதா என்று வங்கியில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வங்கி ஒப்புக்கொண்டால்தான் ஜாமீன்தாரரை மாற்ற முடியும். ஆகவே நீங்கள் பணியில் இருக்கும்போதே வேறு ஜாமீன்தாரருடன் வருமாறு உறவினரை வற்புறுத்துங்கள். புதிதாக யார் கேட்டாலும், ஓய்வு பெறுகிறேன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுத்துவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாத காரணம் அது.

சீட்டுகளில் ஓய்வு நாளுக்கு முன் முடிபவற்றைத் தொடருங்கள். அதற்கு மேல் நீளுவது ஒன்றுக்கு மேல் வேண்டாம். பதிவு பெறாத சீட்டாக இருந்தால் அந்த ஒன்றும் வேண்டாம். கோயில் கணக்கை ஆண்டு இறுதியில் தணிக்கை செய்து, கமிட்டிக் கூட்டத்தில் படித்து, இளையவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். திருவிழாவுக்குப் போய் நிற்பதற்குப் பொருளாளராக இருக்க வேண்டியதில்லை.

மொய் விஷயத்தில் உங்கள் பகுதியின் வழக்கம் எனக்குத் தெரியும். ஆடி மாதம் மொய் விருந்து வைத்து வாங்கியதைக் கூடுதலாகத் திருப்பிச் செய்யாவிட்டால், ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எனவே அதைக் கடனாகவே கணக்கிடுங்கள். நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு, அவர்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது வரக்கூடும் என்று ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். அந்த மொத்தத் தொகையை ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்துத் தனி வைப்பில் போட்டுவிட்டு, அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். இனிமேல் நீங்களாக விருந்து வைத்துப் புதிய மொய் வாங்க வேண்டாம். வாங்குவது நின்றால்தான் நோட்டு ஒருநாள் முடியும். உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய மொய்யும் அதே நோட்டில் இருக்கும் என்பதால், உங்கள் மனைவியையும் மூத்த பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, பெயருக்குப் பெயர் இன்னார் இன்ன ஊர் என்று விளக்கி, அவர்களின் கையெழுத்திலேயே ஒரு படி எடுக்கச் செய்யுங்கள்.